பபூன் பேசக் கூடாத பேச்சு

பங்குனி பிறந்துவிட்டால் எனக்கு இரண்டு வேலை நிச்சயம். ஒன்று, எள்ளுக்குக் களை எடுப்பது. இன்னொன்று, ஊர்க் கமிட்டிக்காகக் காவல் நிலையத்துக்கு மனு எழுதுவது. என் கையெழுத்து குண்டு குண்டாகப் புரியும்படி இருக்கும் என்பதால் இருபது வருஷமாக அந்த வேலை என் தலையில்தான். அம்மன் பொங்கல் முடிந்த மறுநாள் ராத்திரி வள்ளி திருமணம் நாடகம். அதற்கு அனுமதியும் பாதுகாப்பும் கேட்டு எழுதும் மனு அது.

மனுவில் என்ன இருக்கும் என்று நகரத்து நண்பர்களுக்குத் தெரியாது. ஆபாச ஆட்டமோ இரட்டை அர்த்தப் பேச்சோ இருக்காது. சாதி, மதம், கட்சி சார்ந்த பாட்டு, கொடி, பேனர் இருக்காது. கூம்பு ஒலிபெருக்கி கட்டமாட்டோம். ஏதாவது அசம்பாவிதம் நடந்தால் விழாக் கமிட்டியே முழுப் பொறுப்பு. கீழே ஐந்து பேர் கையெழுத்து, ஆதார் நகல். இவ்வளவுதான். மூன்று வருஷத்துக்கு முன் இதில் இன்னொரு வரியும் சேர்ந்தது: உள்ளூர் விவகாரங்கள் எதுவும் மேடையில் பேசப்படாது.

அந்த வரியை எழுதியதும் நான்தான். அது எப்படி வந்தது என்று பிறகு சொல்கிறேன். எழுதியதிலிருந்து ஒரு கேள்வி மட்டும் மனசில் கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு நாடகம் போட யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டும் என்ற பழக்கம் எப்போது ஆரம்பித்தது? ராஜா காலத்தில் கூத்தாடி யாரிடம் மனு கொடுத்தான்? தேடிப் போனால், அந்தக் கதையின் வேர் ஒரு விவசாயப் பிரச்சனையில் போய் நிற்கிறது. அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

வங்காளத்தில் நீலம். நம்ம ஊர் அவுரிச் செடிதான். இப்போது அதன் பொடி முடிச்சாயம் என்று நகரத்துக் கடைகளில் விற்கிறது. அன்றைக்கு ஐரோப்பாவில் துணிக்கு நீலச் சாயம் போட அதுதான் வேண்டும். வெள்ளைக்கார நீலத் தோட்டக்காரர்கள் குடியானவனுக்கு முன்பணம் கொடுப்பார்கள். வேண்டாம் என்றாலும் கொடுப்பார்கள். வாங்கிவிட்டால் இருப்பதிலேயே நல்ல நிலத்தில், நெல் விளைகிற நிலத்தில், அவுரி போட வேண்டும். விலை அவர்கள் வைத்த விலை. அறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் கணக்கில் பாக்கி நிற்கும். அப்பன் வாங்கிய முன்பணம் மகன் தலையில் விடியும். மறுத்தவனை இழுத்துப்போய்க் கிடங்கில் அடைத்து அடிப்பது சர்வசாதாரணம். 1859இல் நாதியா, ஜெசூர் பக்கத்துக் குடியானவர்கள் இனி அவுரி விதைக்கமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். 1860இல் அரசாங்கம் விசாரணைக் கமிஷன் வைக்க வேண்டியதாயிற்று.

தீனபந்து மித்ரா என்று ஒருத்தர். தபால் இலாகாவில் வேலை. அந்த உத்தியோகத்துக்காக ஊர் ஊராகச் சுற்றியதில் கண்ணால் பார்த்ததை வைத்து ஒரு நாடகம் எழுதினார். பெயர் 'நீல் தர்ப்பண்', அதாவது நீலக் கண்ணாடி. 1860இல் டாக்காவில் அச்சானபோது அதில் அவர் பெயர் இல்லை. சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர், எப்படிப் போடுவார்? அடுத்த வருஷம் அது இங்கிலீஷில் வந்தது. வெளியிட்டவர் ஜேம்ஸ் லாங் என்ற பாதிரியார். தோட்டக்காரர்கள் சங்கம் அவர் மேல் அவதூறு வழக்குப் போட்டது. ஒரு மாதம் சிறை, ஆயிரம் ரூபாய் அபராதம். அபராதத்தைக் காளிபிரசன்ன சிங்கர் என்ற வங்காள எழுத்தாளர் அந்த இடத்திலேயே கட்டினார். நாடகத்தை எழுதியவனும் தப்பினான், குடியானவனை அடித்தவனும் தப்பினான், மொழிபெயர்ப்பை அச்சுக்குக் கொடுத்த பாதிரியார் உள்ளே போனார். புத்தகம் என்று இருந்தவரைக்கும் படித்தவர்கள் சண்டையாக இருந்தது அது.

1872 டிசம்பரில் கல்கத்தாவில் டிக்கெட் போட்டு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று நேஷனல் தியேட்டர் தொடங்கியபோது, முதல் நாடகமாக இதைத்தான் மேடை ஏற்றினார்கள். அதன்பிறகுதான் வெள்ளைக்காரனுக்கு உறைத்தது. புத்தகத்தைப் படிக்க எழுத்துத் தெரிய வேண்டும். நாடகத்துக்கு அது வேண்டாம். 1875இல் கிரேட் நேஷனல் தியேட்டர் குழு லக்னோவில் இதை நடத்தியது. தோராப் என்ற குடியானவன் துரையைப் பிடித்து உதைக்கிற காட்சி. பார்க்க வந்திருந்த வெள்ளைச் சிப்பாய்கள் மேடைக்கே ஏறிவிட்டார்கள். அப்போது அந்தக் குழுவில் சின்னப் பெண்ணாக நடித்த விநோதினி தாசி, பிற்பாடு தன் வாழ்க்கைக் கதையில் அந்த ராத்திரியின் பயத்தை எழுதியிருக்கிறார். நடிப்பு என்று தெரிந்தும் சிப்பாய்க்குப் பொறுக்கவில்லை. நான் இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். எங்கள் ஊரில் அரிச்சந்திர மயான காண்டம் நடக்கும்போது விசுவாமித்திரர் வேஷக்காரர் மேல் கல் எறிந்த ஆட்களை எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் ஆட்கள் கையில் துப்பாக்கி இல்லை, சட்டமும் இல்லை.

சட்டம் வந்ததற்கு உடனடிக் காரணம் நீலம் இல்லை, ஒரு வீட்டு விருந்து. இங்கிலாந்து இளவரசர் கல்கத்தா வந்தபோது, ஜகதானந்த முகர்ஜி என்ற வக்கீல் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்து, வீட்டுப் பெண்களை முன்னால் நிறுத்தி வரவேற்கச் செய்தார். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். ஊரே பேசியது. 1876 பிப்ரவரியில் கிரேட் நேஷனல் தியேட்டர் அவரைக் கிண்டல் பண்ணி 'கஜதானந்தரும் யுவராஜனும்' என்று ஒரு கோமாளி நாடகம் போட்டது. போலீஸ் தடுத்தது. பெயரை 'அனுமன் சரித்திரம்' என்று மாற்றிப் போட்டார்கள். அதையும் தடுத்தார்கள். அப்போதைய போலீஸ் கமிஷனர் பெயர் ஹாக், சூப்பரின்டென்டன்ட் பெயர் லாம்ப். இங்கிலீஷில் ஒன்று பன்றி மாதிரி ஒலிக்கும், இன்னொன்று ஆட்டுக்குட்டி. விடுவார்களா? பன்றியையும் ஆட்டையும் பற்றிய போலீஸ் நாடகம் ஒன்றைப் போட்டார்கள். எங்கள் பபூன்கள் பார்த்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள்.

பிப்ரவரி 29ஆம் தேதி வைஸ்ராய் நார்த்புரூக் அவசரச் சட்டம் கொண்டுவந்தார். மார்ச்சில் நாடகம் நடக்கும்போதே புகுந்து குழுவினரைப் பிடித்தார்கள். பிடித்தது இளவரசர் கிண்டலுக்காக இல்லை. வேறொரு நாடகத்தில் ஆபாசம் இருக்கிறது என்று! உபேந்திரநாத் தாஸ், அமிர்தலால் பாசு இரண்டு பேருக்கும் ஒரு மாதம் சிறை என்று தீர்ப்பானது. மேல்முறையீட்டில் ஹைகோர்ட் விடுதலை செய்துவிட்டது. நான் எழுதும் மனுவில் முதல் வரியாக இருக்கிற 'ஆபாசம்' என்ற சொல்லுக்கு இவ்வளவு பழைய வரலாறு உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. அதிகாரிக்குப் பிடிக்காததைப் பேசினால் முதலில் போடுகிற பெயர் ஆபாசம்.

அந்த வருஷம் டிசம்பரில் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் நிறைவேறியது. 1876ஆம் வருஷத்து 19வது சட்டம். சின்னச் சட்டம்தான், ஒரு டீ குடிக்கிற நேரத்தில் படித்துவிடலாம். அவதூறானது, அரசாங்கத்தின் மேல் வெறுப்பை உண்டாக்குவது, பார்ப்பவர் மனசைக் கெடுப்பது என்று அரசாங்கம் நினைத்தால் நாடகத்தைத் தடுக்கலாம். நிரூபிக்க வேண்டியதில்லை, நினைத்தால் போதும். தடையை மீறி நடித்தவனுக்கு மட்டுமல்ல, இடம் கொடுத்தவனுக்கும், தெரிந்தே உட்கார்ந்து பார்த்தவனுக்கும் தண்டனை உண்டு. வேஷ உடுப்பையும் திரைச்சீலையையும் போலீஸ் பறிமுதல் செய்யலாம். பாய் விரித்து நாடகம் பார்க்கிற எங்கள் ஊர்க் கிழவிகளை அந்தக் கணக்கில் சேர்த்தால் ஜெயில் பத்தாது.

ஆனால் கடைசிப் பிரிவு ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாம் பிரிவு. மத விழாக்களில் நடக்கும் ஜாத்ராவுக்கும் அது போன்ற நிகழ்ச்சிகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. ஜாத்ரா என்றால் வங்காளத்துத் தெருக்கூத்து என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது கோயில் திருவிழாவில் கூத்தாடுகிறவனை வெள்ளைக்காரன் தொடவில்லை. பக்திக் கதைதானே, என்ன பேசிவிடப் போகிறான் என்று நினைத்திருப்பான்.

அது தப்புக் கணக்கு என்று காட்டியது நம்ம ஆட்கள்தான்.

வள்ளி திருமணம் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகம். மதுரையிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் நடிகர்கள் வருவார்கள். ஒத்திகை எல்லாம் கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், நாரதர் ஒரு ஊர், ஆர்மோனியக்காரர் ஒரு ஊர். ராத்திரி பத்து மணிக்கு மேடையில்தான் சந்திப்பார்கள். கதையும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். நடுவில் வருகிற தர்க்கமும் பபூன் பேச்சும் அந்தந்த ராத்திரி முளைப்பது. எழுதி வைத்தது இல்லை. எழுத்தில் இல்லாததால் முன்கூட்டியே யாரும் பார்த்து அடிக்கவும் முடியாது.

இந்தச் சந்துக்குள்தான் விஸ்வநாத தாஸ் புகுந்தார். 1886இல் சிவகாசியில் பிறந்தவர். முருகன் வேஷத்தில் வருவார், வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டுவாள். விரட்டப்படுகிற பறவைகளில் ஒன்று வெள்ளைக் கொக்கு. கொக்கு கடல் தாண்டி வந்த கொக்கு, நம்ம தானியத்தைத் தின்கிற கொக்கு. சனங்களுக்குச் சொல்லியா தெரிய வேண்டும்? மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றவர்கள் பாட்டுக் கட்டிக் கொடுக்க, ஊர் ஊராகக் கோயில் மேடைகளில் சுயராஜ்யம் பேசப்பட்டது. விஸ்வநாத தாஸ் 29 தடவை கைதானார் என்று சொல்வார்கள். வேஷத்தோடே போலீஸ் கூட்டிப்போவதும், திரும்பி வந்து மறுபடி அதே பாட்டைப் பாடுவதும் வழக்கமாக இருந்தது. 1940 டிசம்பர் 31 ராத்திரி, சென்னையில் ராயல் தியேட்டரில், மயில் மேல் முருகனாக உட்கார்ந்தபடியே உயிர் போனது.

இவருடைய கதையைத் தியாகக் கதையாக மட்டும் சொல்வது வழக்கம். எனக்கு அதில் முள்ளாகக் குத்துகிற இடம் வேறு. அவர் மருத்துவர் சமூகம், முடிதிருத்தும் குடும்பம். அவரோடு ஜோடியாக வள்ளி வேஷம் கட்ட நடிகைகள் சிலர் மறுத்தார்கள். முருகனாக வந்தால் ஊரே கும்பிடும். பக்கத்தில் நின்று மாலை மாற்ற ஆள் இல்லை. அவரை அடைத்த ஜெயில்களில் எத்தனை வெள்ளைக்காரன் கட்டியது, எத்தனை நாம் கட்டியது?

எங்கள் ஊரிலும் நான் சின்னப் பையனாக இருந்தபோது காலனி ஆட்கள் களத்து மேட்டில் நின்றுதான் நாடகம் பார்த்தார்கள். மேடை முன்னால் பாய் போட வரமாட்டார்கள். வரக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எந்தப் பபூனும், வாய்த் துடுக்கான எவனும், அதைப் பற்றி மேடையில் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. தாசில்தாரைக் கிண்டல் பண்ணுவார்கள், மந்திரியைக் கிண்டல் பண்ணுவார்கள். களத்து மேட்டைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். சம்பளம் கொடுப்பது மேடைக்கு முன்னால் பாய் போட்டிருப்பவர்கள். இப்போது காலனிப் பிள்ளைகள் முன்வரிசையில் உட்காருகிறார்கள். தொண்ணூறுகளில் இரண்டு வருஷம் நாடகமே இல்லாமல் போன சண்டைக்குப் பிறகு வந்த மாற்றம் அது. அந்தச் சண்டையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

சுதந்திரம் வந்தது. 1950 ஜனவரியில் அரசியல் சட்டம் வந்தது. 19ஆம் பிரிவில் பேச்சுரிமை என்று எழுதியாயிற்று. அந்த வருஷமே அதைச் சோதித்துப் பார்த்தது நம்ம சென்னை ராஜ்ஜியம்தான். பம்பாயில் ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகை இங்கே வரக் கூடாது என்று தடை போட்டது. பொது ஒழுங்கு கெடுமாம். உச்ச நீதிமன்றம் மே மாதமே அந்தத் தடையை ரத்து செய்தது. அடுத்த வருஷம் ஜூனில், அரசியல் சட்டத்தின் முதல் திருத்தமாகவே, பொது ஒழுங்கு என்ற சொல்லை 19ஆம் பிரிவுக்குள் நுழைத்துவிட்டார்கள். நியாயமான கட்டுப்பாடு என்ற சொல்லும் கூடவே வந்தது. பதினாறு மாசம் இருந்த வேலியில்லாத நிலம் அதோடு முடிந்தது.

1876ஆம் வருஷச் சட்டம்? அது பாட்டுக்கு இருந்தது. 1953இல் லக்னோவில் பிரேம்சந்த் கதை ஒன்றை நாடகமாகப் போட்ட இப்டா குழு மேல் அதே சட்டத்தைப் பிரயோகித்தார்கள். 1956இல் அலகாபாத் ஹைகோர்ட் அந்தச் சட்டம் அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்று சொன்னது. நம்ம ஊரில் அதற்கு முன்பே, 1954இல், புதுசாக ஒரு சென்னை நாடக நிகழ்ச்சிகள் சட்டமே போட்டுவிட்டார்கள். காரணம் எம்.ஆர்.ராதா என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவருடைய ராமாயண நாடகத்துக்கு எதிர்ப்பு, தடை, மேடையில் கல்வீச்சு. மனசு புண்படுகிறவர்கள் நாடகத்துக்கு வர வேண்டாம் என்று அவரே விளம்பரம் பண்ணியதாகச் சொல்வார்கள். கல்கத்தாக்காரர்கள் செய்தது போலவே தடை வந்தால் பெயரை மாற்றி மறுபடி போடுவார். எனக்கு ராதாவின் எல்லாக் கருத்தும் ஒப்பும் என்று இல்லை. எங்கள் அப்பத்தா ராமாயணம் கேட்டு அழுதவள். ஆனால் அப்பத்தா ராதா நாடகத்துக்குப் போகவில்லை, அவள் அழுகையை ராதா தடுக்கவும் இல்லை. இதில் போலீசுக்கு என்ன வேலை என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அந்த 1954 சட்டத்தை வைத்துக்கொண்டுதான் நாடகம் போடுகிறவர்கள் வசனப் பிரதியைக் கொண்டுபோய்க் காவல்துறையிடம் கொடுத்து நிற்க வேண்டிய நிலை இருந்தது. பரீக்ஷா குழுவின் ஞாநி வழக்குப் போட்டார். 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. கிட்டத்தட்ட அறுபது வருஷம். பழைய 1876 சட்டத்தை 2018 தொடக்கத்தில்தான் நாடாளுமன்றம் போட்ட நீக்கச் சட்டத்தால் புத்தகத்திலிருந்தே எடுத்தார்கள். ஆக, இன்றைக்கு அந்த இரண்டு சட்டமும் இல்லை, இல்லை என்கிற அளவுக்குத்தான். நான் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கூட்டம் எதிர்க்கிறது என்பதற்காகத் தடை போடலாமா என்ற கேள்விக்கும் நீதிமன்றம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற படம் சிலருக்கு நினைவிருக்கும். இட ஒதுக்கீடு பற்றிய படம். அதில் சொன்ன கருத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. உயர் நீதிமன்றம் அதன் சான்றிதழை ரத்து செய்தது. 1989இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. கலவரம் வரும் என்று சொல்லி அரசு கையை விரிக்க முடியாது, பேசுகிறவனைப் பாதுகாப்பதுதான் அதன் கடமை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். தீர்ப்பு புத்தகத்தில் இருக்கிறது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அமைதிப் பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டு உட்காரவைத்து, 'மாதொருபாகன்' எழுதிய பெருமாள்முருகனிடம் நிபந்தனையில்லா மன்னிப்புக் கடிதம் வாங்கியபோது அந்தப் புத்தகத்தை யாரும் திறந்து பார்க்கவில்லை. குழந்தையில்லாத ஒரு சம்சாரிக் குடும்பத்தின் கதை அது. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் வளவிலேயே அப்படி இரண்டு பேர் இருந்தார்கள். 2016 ஜூலை 5ஆம் தேதி உயர் நீதிமன்றம் அந்தக் கடிதம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று சொன்னது. ஒன்றரை வருஷம் எழுதாமல் இருந்த மனுஷன் மறுபடி எழுத வந்தார். எல்லோருக்கும் உயர் நீதிமன்றம் கிடைக்குமா?

இனி எங்கள் வரிக்கு வருகிறேன்.

நான்கு வருஷத்துக்கு முந்தின நாடகம். பபூன் வந்தான். நல்ல கெட்டிக்காரப் பையன், முப்பது வயசு இருக்கும். வந்தவுடன் சாயங்காலமே டீக்கடையில் உட்கார்ந்து ஊர்ச் சங்கதி எல்லாம் விசாரித்துவிடுவான், அதுதான் பபூன் தொழில். அந்த வருஷம் எங்கள் கண்மாயில் வண்டல் எடுக்கிறோம் என்று சொல்லி ஆழமாகத் தோண்டி மண் லாரி லாரியாகப் போய்க்கொண்டிருந்தது. விவசாயிக்கு வண்டல் என்று அனுமதி, போனது செங்கல் சூளைக்கும் பிளாட்டு மேடு கட்டவும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசவில்லை. எடுத்தவர்களில் எங்கள் சொந்தக்காரர்களும் உண்டு.

பபூன் மேடையில் சொன்னான்: "இந்த ஊர்க் கண்மாயில மீன் புடிக்கணும்னா இனிமே வலை வேணாம், ஏணி வேணும்." கூட்டம் ஒரு நொடி மௌனம். பிறகு களத்து மேட்டிலிருந்து முன்வரிசை வரைக்கும் ஒரே சிரிப்பு. கிழவிகள் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்கள். அவன் விடவில்லை. அரைமணி நேரம் அதையே இழுத்தான். ஒருத்தர் பேரையும் சொல்லவில்லை. நானும் சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தது அன்றைக்குத்தான்.

விடிந்து அவன் சம்பளம் வாங்கப் போனபோது கொஞ்சம் பாக்கி வைத்துக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. அடிக்கவில்லை, மிரட்டவில்லை. வழக்கும் இல்லை. அடுத்த வருஷம் கமிட்டிக் கூட்டத்தில் ஒரு சித்தப்பா சொன்னார்: "ஏப்பா, சாமிக்குப் போடுற நாடகம். கதையப் பேசச் சொல்லுங்க, போதும். ஊர் வம்பெல்லாம் எதுக்கு? மனுவுலயே எழுதிரு, அவனும் பயப்படுவான்." யாரும் மறுக்கவில்லை. பேனா என் கையில் இருந்தது. போலீஸ் கேட்கவில்லை, சட்டம் கேட்கவில்லை. கேட்டது சித்தப்பா. பையனுக்கு அடுத்த மாசம் கல்யாணம் வைத்திருந்தேன், அந்தச் சித்தப்பா முன்நின்று நடத்த வேண்டிய கல்யாணம். எழுதினேன்.

அந்த வருஷம் பபூன் மேக்கப் போட்டுக்கொண்டே என்னைக் கேட்டான், "அண்ணே, எதைப் பேசலாம்?" எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவன் இரண்டு மணி நேரம் மாமியா மருமக ஜோக்கும், குண்டுப் பொம்பளை ஜோக்கும் பேசினான். இரட்டை அர்த்தமும் கலந்துதான் பேசினான். அது மனுவின் முதல் வரிக்கு எதிரானது, ஆனால் அதைக் கமிட்டியில் ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. என் மருமகள் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தப் பேச்சு எனக்கும் பிடிக்காது. அதைத் தடுக்க இன்னொரு வரி எழுதலாமே என்று யாராவது கேட்டால் என்னிடம் சரியான பதில் இல்லை. நான் எழுதிய ஒரு வரி என்ன செய்தது என்று பார்த்தபிறகு இன்னொன்று எழுதக் கை வரவில்லை.

இந்த வருஷம் மனு எழுத உட்கார்ந்தபோது போன வருஷ மனுவை ஜெராக்ஸ் எடுத்துத் தேதியை மட்டும் மாற்றிவிடலாம் என்றார்கள். நான் புதுசாகவே எழுதினேன். கடைசி வரியை விட்டுவிட்டேன். ஐந்து பேரும் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். ஸ்டேஷனில் ரைட்டர் மேலே ஒரு தடவை பார்த்துவிட்டு முத்திரை குத்தி ரசீது கொடுத்தார். அந்த வரி இருந்ததும் அவருக்குத் தெரியாது, போனதும் தெரியாது.

நாடகத்தன்று அதே பபூன்தான். தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். சிரித்தான். "அண்ணே, நீங்க வரிய எடுத்துட்டீங்க, சரி. இந்த மாசம் மட்டும் எனக்குச் சுத்துப்பட்டுல பதினோரு நாடகம் இருக்கு. எல்லாம் உங்க கமிட்டிக்காரவுகளோட சம்பந்தகாரவுக ஊரு. எனக்கு ரெண்டு புள்ளைக." அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

ராத்திரி இரண்டரை மணி இருக்கும். வள்ளி ஆலோலம் பாடி முடித்து உட்கார்ந்திருந்தாள். பபூன் மட்டும் மேடையில். மாமியார் கதை ஓடிக்கொண்டிருந்தது. அப்போது கண்மாய்க் கரை ரோட்டில் ஒரு டிப்பர் லாரி விளக்குப் போட்டுக்கொண்டு போனது. நாடக ராத்திரியில்கூட. சத்தம் மைக்கில் கேட்டது. பபூன் பேச்சை நிறுத்தினான். தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். லாரி போகிற திசையைப் பார்த்துக்கொண்டு, சத்தம் அடங்குகிறவரைக்கும், கையைக் கட்டிக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றான்.

முதலில் களத்து மேட்டுப் பக்கம் யாரோ ஒரு கிழவி சிரித்தாள். பிறகு எல்லோரும். சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆர்மோனியக்காரர் அடுத்த பாட்டுக்குச் சுதி பிடித்தார்.